ஒற்றை மிதி

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: செங்கோட்டையன் முதலாளியின் பனியன் கம்பெனி, தொழில் பழகும் ஒரு சாதாரண ஆளின் மனைவி இறந்ததற்காக, அதன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக அடைக்கப்பட்டது. முதலாளியே காரில் எழவு வீட்டுக்கு வந்தார். அன்று காலையிலிருந்து திருப்பூரில் கரண்ட் இல்லை என்பது தனிச் சங்கதி.

சாரதாமணியைக் குளிப்பாட்ட உள்ளே தூக்கிப் போயிருந்தார்கள். அவள் புருஷன் வேலுமணி பந்தல் காலைப் பிடித்தபடி நின்றிருந்தான். டீக்கடையிலிருந்து இரவல் வந்த ஒரே நாற்காலியில் முதலாளி அமர்ந்ததும், அழுகைகூட மரியாதையாகக் கொஞ்சம் இறங்கியது.

"காச்சலுக்கா போயிட்டா?"

"ஆமாங்க."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா டாக்டரையே கூட்டியாந்திருப்பனே! எம்பட ரூம் கதவு எப்பவும் தொறந்துதானப்பா கெடக்குது!"

அந்தக் கதவுக்குள் வேலுமணி ஒரு தடவை போயிருக்கிறான். வேலை பிடிபடவில்லை என்று சொல்லப் போனவனுக்கு, முதலாளி தாம் முன்னுக்கு வந்த கதையைச் சொல்லி அனுப்பினார். கதை நன்றாகத்தான் இருந்தது.

பிடிபடாதது கால். மீசை நரைக்கத் தொடங்கும்வரை தறிக்குழியில் இரண்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தவன். நூல் கிடைக்காமல் தறியை விற்றுவிட்டுத் தையல் மெஷினுக்கு வந்தான். பவர் மெஷினுக்கு ஒரே மிதி; அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். அவனுக்கோ இடது கால் சும்மா இருக்காது. அது காற்றை மிதித்த மாத்திரத்தில் வலது கால் தானாக மேலே வந்துவிடும். மெஷின் விக்கி விக்கி ஓட, தையல் நெளிந்தது.

"ஏப்பா, பல்லடத்துக்கா சைக்கிள் முடுக்கறே?" என்பார் மாஸ்டர் சென்னியப்பன். வரிசையே சிரிக்கும். சிரித்தவர்களில் ஒருவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. திங்கட்கிழமை கடைசிச் சோதனை. அன்றும் தையல் நேராக வராவிட்டால் வேலை இல்லை என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

சாரதாமணிதான் உட்கார்ந்தாள். சாயங்காலமானால் அவனைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, வலது காலுக்கடியில் தேங்காய் மட்டையைப் போட்டு, எதிரே அமர்ந்து அவன் இடது காலைத் தன் பாதத்தால் அழுத்திக்கொள்வாள். மோட்டார் சத்தமும் அவளே போடுவாள்.

"பீச்சாங்காலு எனக்கு, சோத்தாங்காலு கம்பெனிக்கு. மிதிங்க மாமா... ம், வுடுங்க... அட, என்னையவே தூக்கறீங்களே!"

காய்ச்சல் வந்த பிறகு படுத்தபடியே காலை நீட்டி அழுத்தினாள். சாவுக்கு முந்தின நாள்தான் அவன் இடது கால் முதன்முதலாக அசையாமல் கிடந்தது. அவள் பாதம் கொதித்ததில் அவனுக்கு நகர்த்தத் தோன்றவில்லை.

உடலை வெளியே கொண்டுவந்தார்கள். முதலாளி மாலை போட்டார். கைகட்டியிருந்த கூட்டத்தைக் கண்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தொழிலாளி எனக்குப் பெத்த மகனாட்ட. இந்த வேலுமணியத் தொழில்காரனா ஆக்கறது எம் பொறுப்பு. பக்கத்துலயே இருந்து பாத்துக்குவேன்."

"மொதலாளின்னா இப்பிடியல்ல இருக்கோணும்!" என்று மூக்கைச் சிந்தினாள் வேலுமணியின் அக்கா முத்தாத்தாள்.

காலையிலிருந்து எதுவும் காதில் விழாமல் நின்ற வேலுமணிக்கு இது மட்டும் விழுந்தது. கிட்டே போனான்.

"மொதலாளிங்க, திங்கக்கெழம பக்கத்துல ஒருத்தர உக்கார வெச்சீங்கன்னாப் போதுமுங்க. எடது காலக் கொஞ்சம் மிதிச்சுட்டு..."

"மிதிச்சுட்டா?"

கூட்டத்தில் இருந்த மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. இடம் கருதி அதை இருமலாக்கினார். அப்போது டீக்கடை ரேடியோ திடீரென்று அலறியது. கம்பெனி ஆட்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

முதலாளி அவன் தோளில் கை வைத்தார். "கரண்டு வந்துருச்சாட்ட இருக்குது. வாறேன். எதுன்னாலும் கூச்சப்படாத. ஊட்டுல இருந்து ஆரையாவது சொல்லி வுடு, கண்ணு."

காரும் கம்பெனி ஆட்களும் போன பிறகு பாடைக்கு நாலாவது தோளைத் தேட வேண்டியிருந்தது.

மறுநாள், பால் தெளித்த கையோடு முத்தாத்தாள் தன் ஊரான வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினாள். வேலுமணி தலை முழுகிவிட்டு வந்து ஈரத்துணியோடு உள்ளே உட்கார்ந்தான்.

சொல்லிவிட வீட்டில் வேறு ஆள் இல்லை.