பத்துச்சீட்டு கேட்டவள்

"எனக்குப் பத்துச்சீட்டு வேணும்."

பெரிய கிளாக்கர் இக்னேசியஸ் பேனாவை மைக்கூட்டிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஆளை வேலையிலிருந்து நீக்கி, குடியிருக்கிற லயத்து வீட்டைவிட்டும் கிளப்புகிறபோது தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கொடுக்கிற சீட்டு அது. அது வந்தால் ஜனங்கள் அழுவார்கள், தோட்டத்தை நடத்துகிற தொரை காலில் விழுவார்கள், யூனியன்காரரைத் தேடி நோர்வூட் டவுனுக்கு ஓடுவார்கள். கேட்டு வாங்கினவர் ஒருவரும் இல்லை. "என்ன வேணா கேளு, அந்தச் சீட்ட மட்டும் வாயால சொல்லாத" என்று சொல்லித்தான் அப்பா என்னை வளர்த்தார்.

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க. சண்முகவடிவு, ஆண்டியப்பன் மகள். லீவுல கொழுந்து எடுத்திருக்கேன், சம்பளச் செக்ரோல்ல பேரு இருக்கு."

"கிறுக்கா புடிச்சிருக்கு? பி.ஏ. முடிச்ச புள்ள."

"முடிச்சதாலதாங்க கேக்குறேன்."

விஷயம் இதுதான். சீமையில் ஒரு பல்கலைக்கழகம் மேற்பட்டப் படிப்புக்கு இடமும் செலவும் தருகிறேன் என்று எழுதியிருந்தது. இரண்டு பிரிவில் ஒன்றை நான் எடுக்க வேண்டும். ஒன்று நாடக இலக்கியம். அதற்கு என் பேராசிரியரின் கடிதம் போதும். அவரும் நான் கேட்காமலேயே எழுதி வைத்திருந்தார். மற்றது மேடைத் தொழில்நுட்பம்: விளக்கு, ஒலி, மேடை கட்டுகிற வேலை. அதற்கு, இந்த வேலையைச் செய்த இடத்திலிருந்து பெயரும் வேலையும் காலமும் போட்ட அத்தாட்சி வேண்டும்.

பல்கலைக்கழக நாடகச் சங்கத்தில் நான் மூன்று வருஷம் ராஜாக்களின் சால்வைக்கு இஸ்திரி போட்டேன். பெண்பிள்ளைகள் விளக்குப் பக்கம் போனால் ஷாக் அடிக்கும் என்று சங்கத் தலைவருக்குப் பயம். பெண்களை மட்டும் தேடி அடிக்கிற மின்சாரத்தைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

விளக்கு வேலையை நான் செய்தது எங்கள் தோட்டத்துத் திருவிழா நாடகத்தில். நாலு வருஷம். ஃபேக்டரியிலிருந்து கரண்ட் இழுத்தோம். மண்குழாய்களில் உப்புத்தண்ணீர் ஊற்றி, ஈயத்தகட்டைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினால் விளக்கு கொஞ்சங்கொஞ்சமாகப் பிரகாசமாகும். தூக்கினால் மங்கும். அப்படித்தான் மேடையில் பொழுதை விடியவைத்தேன். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த தொரை மறுநாள், யார் செய்தது என்று கேட்டார். ஃபேக்டரியைப் பார்க்கிற டீமேக்கர் "நான்தான் சார்" என்றார். பொம்பளப்புள்ள என்றால் தொரை கோபிப்பாராம், எனக்காகத்தான் பொய் சொன்னாராம். பாராட்டையும் எனக்காகவே வாங்கிக்கொண்டார்.

ஒரு கடிதம் கேட்டு இந்த ஆபீஸுக்கு இரண்டு தடவை வந்தேன். "லயத்து ஆளுக்கு ஆபீஸ் கடிதம் எழுதுற வழக்கம் இல்ல" என்று ஜன்னலிலேயே திருப்பியனுப்பினார் கிளாக்கர். யோசித்துப் பார்த்தேன். லயத்து ஆளைப் பற்றி இங்கே எழுதுகிற காகிதம் ஒன்றே ஒன்று. பெயர், வேலை, காலம், நடத்தை, கீழே தொரை கையெழுத்து. சீமைக்காரன் கேட்ட அத்தனையும் அதில் இருந்தது. விரட்டும்போது மட்டும் எங்களைப் பற்றி முழுசாக எழுதுகிறார்கள்.

கிளாக்கர் ஆள் அனுப்பி, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற மலையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றார்.

"என்ன புள்ள இது?"

"படிக்கப் போறதுக்குப்பா."

"படிச்சிட்டுத்தான வந்த?"

"இது அதுக்கு மேல."

"கேளு ஆண்டி," என்றார் கிளாக்கர். "இலக்கியம் எடுத்தா திரும்பி வந்து காலேஜுல லெக்சரரம்மா. ஒம் மக லைட்டுதான் வேணுங்குது. சீமைக்குப் போயி கம்பத்துல ஏறப்போகுது."

"ஏணி குடுப்பாங்க ஐயா."

"வாயப் பாரு. பேரு வெட்டிட்டா நீ வெளியாளு, தெரியுமில்ல? ஒங்கப்பனுக்குக் காம்பிரா இருக்கும். நீ அதுல ஒரு ராத்திரி படுக்கணும்னாலும் தொரை உத்தரவு வேணும்."

அதை நான் யோசிக்காமல் இல்லை. மூன்று நாள் யோசித்தேன். நான் பிறந்த லயத்து வீடு அந்தக் காம்பிரா.

அப்பா துண்டை மறு கக்கத்துக்கு மாற்றினார். "நாடகத்தப் படிச்சாலும் நாடகந்தான ஆத்தா. அத எடுத்துக்கிட்டா என்ன?"

"நாடகத்தப் பத்திப் பேச ஆயிரம் பேர் இருக்காங்கப்பா. எனக்கு அதச் செய்யணும்."

"ஒங்கம்மாவுக்கு யாரு சொல்றது?"

"காலையிலேயே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"அழுதுச்சு. அப்புறம் சீமையில குளிருமான்னு கேட்டுட்டு கம்பளிய மடிச்சு வச்சுச்சு."

சத்தம் கேட்டுத் தொரை உள்ளேயிருந்து வந்தார். கிளாக்கர் இங்கிலீஷில் விவரம் சொன்னார். பத்துச்சீட்டை ஒரு ஆள் கேட்டு வந்திருக்கிறது என்றதும் தொரை சிரித்துவிட்டார். நானும் இங்கிலீஷிலேயே விளக்கினேன். அவர் தமிழில் பதில் சொன்னார். கூலிகளிடம் பேச என்று அவர் கற்றுக்கொண்ட தமிழ், அதில் 'நீங்கள்' கிடையாது.

"நீ நல்ல புள்ள. புக் படி. லைட் ஆம்பள வேல. டீமேக்கர் செஞ்சான், நான் பாத்தேன். ரொம்ப நல்லா."

"அது நான்," என்றேன்.

தொரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் கூரையைப் பார்த்தார்.

"செக்ரோல எடுங்க ஐயா," என்றேன். "திருவிழா வாரத்தப் பாருங்க."

எடுத்தார், புரட்டினார். நான் மலைக்குப் போகாத அந்த நாட்களுக்குச் சம்பளம் போடுவதென்றால் ஏதாவது வேலை எழுதித்தானே ஆக வேண்டும்? டீமேக்கர் அனுப்பிய சீட்டைப் பார்த்துக் கிளாக்கரே எழுதியிருந்தார்: லைட். நாலு வருஷமும் லைட்.

"எழுத்து என்னோடதுதான் சார்," என்றார் மெதுவாக.

தொரை நாலு இடத்திலும் விரல் வைத்துப் பார்த்தார். வருத்தம் தெரிவிக்கிற வழக்கமும் அந்த ஆபீஸில் இல்லை.

"உப்பு எவ்வளவு போட்ட?"

"குழாய்க்கு ஒரு கைப்பிடி. கொதிச்சா கம்மி பண்ணணும்."

"லைட்னு எழுது," என்றார் கிளாக்கரிடம். நடத்தை என்ற இடத்தில் பேனா நின்றது. "வேல சுத்தம் சார். வாய் கொஞ்சம் கூட." தொரை அதையும் அப்படியே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

கிளாக்கர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் மை காயல. இலக்கியத்துக்கே போறேன்னு சொல்லு, கிழிச்சுப் போட்டுடுறேன். தொரகிட்ட நான் சொல்லிக்கிறேன். எந்தப் பிரிவுன்னு எழுத இன்னும் நாள் இருக்குல்ல?"

"போன செவ்வாக்கிழமையே எழுதிப் போட்டுட்டேங்க. விளக்குக்குத்தான். இந்தச் சீட்டுதான் பாக்கி."

அப்பா நிமிர்ந்தார். "அப்ப இவ்வளவு நேரம் எங்கள எதுக்குப் பேச விட்ட?"

"நீங்கதானப்பா பேசிக்கிட்டு இருந்தீங்க."

நோர்வூட் தபாற்கந்தோர் நாலு மணிக்கு மூடிவிடும். மடித்தால் மை ஒட்டும் என்று சீட்டின் முனையைப் பிடித்துக்கொண்டு, படியிறங்கி அப்பாவைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தேன்.