பிள்ளைச்சாவடிக்குப் போன செய்தி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து வந்த ஏலிஸ், புடவையைக்கூட மாற்றாமல் காபிக்குப் பால் வைத்திருந்தாள். அப்போதுதான் பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து போன் வந்தது. பேசிய பெண் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து மெதுவாகப் பேசினாள். முந்தின நாள், மகன் கிறிஸ்தோஃப் இருக்கிற பிரெஞ்சு ஊரில், ரயிலடிக்கு எதிரே சந்தை கூடும் திடலில் இரண்டு பேர் துப்பாக்கியோடு புகுந்து, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் சுட்டிருக்கிறார்கள். செத்துப்போனவர்களில் ஒருவருடைய சட்டைப்பையில் கிறிஸ்தோஃபின் அடையாள அட்டை இருந்திருக்கிறது. அங்கே சாப்பாட்டுக் கடை போட்டிருந்த முதலாளியும், அது தன்னிடம் வேலை செய்த கிறிஸ்தோஃப்தான் என்று சொல்லிவிட்டார். முறைப்படி இன்னும் உறுதியாகவில்லை, அதுவரைக்கும் பொறுத்திருங்கள் என்றும் அந்தப் பெண் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தை ஏலிஸின் காதில் ஏறவில்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

கிறிஸ்தோஃப் அவளுக்கு ஒரே பிள்ளை. புருஷன் தொமினிக் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போய் ஆறு வருஷமாகிறது. அந்தப் பென்ஷனில்தான் அவள் தனியாகக் காலம் தள்ளினாள். தெருவில் இன்றைக்கும் அது சொல்தா வீடு, பட்டாளத்துக்காரர் வீடுதான்.

மறுநாள் விடிவதற்குள் அண்ணன் லுயீஸ் வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் சாமியானா போட்டார்கள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஏறியது. அதில் கிறிஸ்தோஃப் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியாக எப்போது பேசினான், என்ன சொன்னான்? ஏலிஸ் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். நாலு நாளைக்கு முன்னால் பேசினான், குளிருகிறது என்றான். சொல்லிச் சொல்லி அந்தக் குளிர் அவளுக்கே யாருடையதோ போலாகிவிட்டது. சனிக்கிழமையிலிருந்து அவன் போன் அணைந்தே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வந்தவர்கள் கொஞ்சம் குறைந்திருந்த நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. துக்கம் விசாரிக்கிற யாரோ என்று நினைத்து எடுத்தாள்.

"மம்மா, நான்தான். கத்தாத. யாரும் இல்லாத எடத்துக்குப் போ."

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். சேசுவே, சேசுவே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

கிறிஸ்தோஃப் அழுதுகொண்டே சொன்னான். அவன் அந்த ஊரிலேயே இல்லை. எல்லை தாண்டி வேறொரு நாட்டில் தோட்ட வேலைக்கு வந்து மூன்று மாதமாகிறது. போகும்போது தன் கார்த்தை, அந்த அடையாள அட்டையை, முகிலனிடம் கொடுத்துவிட்டு வந்தான். முகிலன் லாஸ்பேட்டை கல்லூரியில் அவனோடு படித்தவன். பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்துப் பையன். சுற்றுலா விசாவில் போய், காலம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டான். அட்டை இல்லாமல் யாரும் வேலை தரவில்லை. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே தாடி. வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு போதும்.

"நீ இருக்கன்னு ரெண்டு நாளா ஏன்டா சொல்லல?"

"பயந்துட்டேன் மம்மா. போனை அமத்திட்டேன். கார்த்தைக் குடுத்தது தப்பு, கேஸ் ஆயிடும். ஒரு வாரம் சும்மா இரு. அவங்களே டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிப்பாங்க."

முகிலன் வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவன் போனை வைத்துவிட்டான்.

குளியலறையை விட்டு வெளியே வந்தபோது கூடத்தில் செபமாலை ஆரம்பித்திருந்தது. அவளையும் நடுவில் உட்கார வைத்தார்கள். தன் பிள்ளை ஆன்மாவுக்காகப் பத்துப் பெண்கள் வேண்டிக்கொள்ள, ஏலிஸும் கூடவே முணுமுணுத்தாள். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் எழும்பும்போதெல்லாம் முகிலன் முகம் முன்னால் வந்தது. கிறிஸ்தோஃப் லீவில் வரும்போதெல்லாம், அப்போது ஊரில் இருந்த அவனும் கூடவே வந்து இந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டான். அவனுக்குப் பெண்டாட்டி இருந்தாள், பேச்சு வராத வயதில் ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

எல்லோரும் போன பிறகு லுயீஸிடம் சொன்னாள். லுயீஸ் முதலில் நம்பவில்லை. நம்பியதும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகை அடங்கியதும் அவரும் கிறிஸ்தோஃப் சொன்னதையே சொன்னார். எப்படியும் வெளியே வரத்தான் போகிறது, நாமாக ஏன் போய் மாட்டிக்கொள்ள வேண்டும்?

"அது வரைக்கும் அந்தப் பொண்ணு புருஷனுக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்குமேண்ணே" என்றாள் ஏலிஸ்.

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துப் பிள்ளைச்சாவடிக்குப் போனாள். முகிலன் வீடு எது என்று கேட்டதும், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார்கள். அவர்கள் போன்களுக்கும் அந்த அஞ்சலிப் படம் வந்திருந்தது; அதன் ஓரத்தில் ஏலிஸ் முகமும் இருந்தது.

முகிலன் மனைவி சுடர்விழி வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏலிஸைப் பார்த்ததும் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள்.

"நானே வரணும்னு இருந்தேம்மா. புள்ளைக்கு ஜொரம், அதான் வர முடியல. அண்ணனைப் போய் இப்படிப் பண்ணிட்டானுங்களே" என்று ஏலிஸின் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு தானே தேறிக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்தாள். முகிலனும் சனிக்கிழமையிலிருந்து போன் எடுக்கவில்லையாம். சிநேகிதனுக்கு இப்படி ஆனதில் போலீஸ், ஆஸ்பத்திரி என்று அலைவார், விசா இல்லாததால் எங்காவது ஒளிந்தும் இருப்பார் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஏலிஸ் தண்ணீரைக் குடித்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"சுடரு, எம்புள்ள சாகலம்மா. நேத்து போன் பண்ணான். அவன் கார்த்து முகிலன்கிட்ட இருந்திருக்கு. அங்க வேல செஞ்சது முகிலன்தான்."

குழந்தை இன்னொரு வாய்க்காகச் சுடர்விழியின் புடவையை இழுத்தது. அவள் குனிந்து ஓர் உருண்டை ஊட்டினாள்.

"ரெண்டு நாளா ஒங்க புள்ளைக்கு நான் அழுதுட்டு இருந்திருக்கேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "செத்தது கூட அவரு பேர்ல இல்லையா?"

மாமியார் கொளஞ்சி உள்ளேயிருந்து வந்து என்னவென்று கேட்டாள். சுடர்விழி சொல்லவில்லை. ஏலிஸ்தான் இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. கொளஞ்சி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. யாரோ ஏலிஸைப் பிடித்துத் தள்ளினார்கள், யாரோ விலக்கிவிட்டார்கள். அவள் போகாமல் சுவரோரமாக நின்றாள். அங்கிருந்தே தூதரகத்துக்குப் போன் செய்து, எல்லோர் காதிலும் விழும்படி பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னாள். இறந்தவர் என் மகன் இல்லை, அவர் பெயர் முகிலன். எழுத்துக் கூட்டி இரண்டு முறை சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. கொளஞ்சியிடம் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு அலுவலகமும் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டியது. பிரெஞ்சில் வந்ததையெல்லாம் ஏலிஸ் படித்துச் சொன்னாள், கூடவே போய் உட்கார்ந்தாள். சுடர்விழி அவளோடு ஆட்டோவில் வருவாள், ஆனால் பேச மாட்டாள். ஒரே ஒரு நாள், காத்திருக்கும் இடத்தில், அவருக்கு உடனே உயிர் போயிருக்குமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் ஏலிஸ்.

உடல் சென்னை வழியாக வந்தபோது ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பெட்டியின்மேல் முகிலன் பெயர் சரியாக இருந்தது. கடலோரம் ஊரே திரண்டு நின்று எடுத்தார்கள். ஏலிஸ் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.

கிறிஸ்தோஃபைப் பிரெஞ்சுப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. கேஸ் போட்டார்கள். என்னை எப்படி மாட்டிவிட்டாய் பார் என்று ஒரு தடவை அம்மாவிடம் கத்திவிட்டு, அதோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். தெருவில் சிலர் அவளைப் பார்த்து, பிள்ளை பிழைத்தது ஆண்டவர் கிருபை என்றார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்வாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் மத்தியானம் அவன் கூப்பிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டான். வேலை கிடைத்திருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை என்றான். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "சுடர் என்னைப் பத்தி இன்னா சொல்லுது மம்மா?" என்றான்.

"நீயே கேளு" என்றாள் ஏலிஸ். நம்பரைச் சொன்னாள். அவன் எழுதிக்கொள்கிறானா இல்லையா என்று தெரியவில்லை.

"அது திட்டும், மம்மா."

"திட்டட்டும். கேட்டுக்கோ."

போனை வைத்துவிட்டு, ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். மறுநாளும் முகிலனின் நஷ்டஈட்டு மனுவுக்காகச் சுடர்விழியோடு ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கைகழுவி வந்து, மின்விசிறியைப் போட்டுத் தரையிலேயே படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.