டைனமோ என்ற சொல்லால் வந்த வினை

1.

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. நான் எழுத உட்கார்ந்ததென்னவோ காதல் கதை. முதல் வரி:

தஃபீலா மலைச்சரிவில் ஆலிவ் மரங்கள் காற்றில்... (வேண்டாம். கவலையில் கிடக்கிற நாயகன் மரத்தை எங்கே பார்ப்பான்?)

இன்னொரு முயற்சி: அவ்வாதின் பழைய காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. பின் இருக்கையில் கால் வீங்கிய அவன் மனைவி நஜ்லா. மாலைக்குள் நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ். போன முறையே தவறிவிட்டது. இன்றும் தவறினால்

(இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

2.

எலக்ட்ரீஷியன் நஸ்மி ஆல்டர்னேட்டரைக் கழற்றி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றி மாட்டினான். பேட்டரி செத்துக் கிடந்த வண்டியைத் தெருவே கூடித் தள்ளிக் கிளப்பியது. பிறகு தொழுகைக்குப் போய்விட்டது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"இருந்தாலும் பாத்துருவோம், அபூ லைத். பேட்டரி வயரப் புடுங்குறேன். இஞ்சின் நிக்காம ஓடுச்சுன்னா உன் டைனமோ சிங்கம்!"

"வேண்டாமே மேஸ்திரி... நேரமாச்சு..." என்றான் அவ்வாத்.

"என் டீயக் குடிச்சுக்கிட்டே என் வேலைய நம்ப மாட்டேங்குறியா?"

[மகன் லைத்தின் பெயரால் அவ்வாத் ஊருக்கு அபூ லைத், நஜ்லா உம் லைத். அதுபோல எங்கள் ஊரில் ஆல்டர்னேட்டருக்கும் டைனமோ என்றே பெயர். அந்தக் காலத்து டைனமோ இந்தச் சோதனையைத் தாங்கும். ஆல்டர்னேட்டர் உள்ளே கருகிவிடலாம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்தோம், சரி. தாத்தாவின் மருந்தையுமா ஊற்றுவது?]

மைத்துனன் காரின் ஆல்டர்னேட்டர் இப்படித்தான் கருகியது என்பது அவ்வாதுக்குத் தெரியும். ஆனால் டீ கொடுத்தவனிடம் 'உனக்குத் தெரியாது' என்று எந்த வாயால் சொல்வது? அதே டீ அந்த வாயில் இருக்கிறதே.

3.

நஸ்மியை வில்லனாக்கிப் பார்த்தேன். முடியவில்லை. நஜ்லாவின் தலைக்கு அணையாகத் தன் கம்பளிச் சட்டையைச் சுருட்டிக் கொடுத்தவன் அவன்.

முடிவு அ: பிடுங்கினான், வண்டி ஓடியது, எல்லோரும் சிரித்தார்கள். (ஆசைதான்.)

முடிவு ஆ: பிடுங்கினான், சிவப்பு விளக்கு (அடித்துவிட்டேன்.)

நான் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்கையில், நஜ்லா முன்னால் எக்கிச் சாவியைத் திருப்பிவிட்டாள். இஞ்சின் அடங்கியது.

"என்ன உம் லைத், இப்படிப் பண்ணிட்டீங்க!"

"தலை வலிக்குது மேஸ்திரி. இரைச்சல் தாங்கல. உங்க சோதனைய நாளைக்கு வெச்சுக்கங்க."

நஸ்மி வயரிலிருந்து சட்டென்று கையை எடுத்தான். "மன்னிச்சுக்க தங்கச்சி, தோணல எனக்கு."

"இப்ப எப்படிடீ கிளப்புறது?" என்றான் அவ்வாத், ரகசியமாக.

"தள்ளு. டீ குடிச்சேல்ல?"

4.

தெருவில் ஆளில்லை. பொழுது சாய்கிறது. அவ்வாத் கதவோரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முட்டுகிறான், பின்னால் நஸ்மி. வண்டி அசைய மறுக்கிறது. முடிவை எழுதலாம்தான். ஆனால் பேனாவைப் பிடித்த கையால் காரைத் தள்ள முடியாது. கீழே வைத்துவிட்டேன்.

நீங்களும் இவ்வளவு நேரம் சும்மா நின்று வேடிக்கைதானே பார்த்தீர்கள்? மறுபக்கம் வாருங்கள். அங்கேதான் ஆள் இல்லை.