பதினொரு துளைகள்

இந்தியானாவில் எந்தப் பண்ணை வீட்டைக் காலிசெய்து பழைய சாமான்களை விற்றாலும் நான் போய்விடுவேன். இரண்டாம் உலகப் போரில் எங்கள் அமெரிக்க வீரர்கள் அணிந்த இரும்புத் தலைக்கவசங்கள் என்னிடம் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஆனாலும் லெனோரா விட்கோம் என்ற பெண்மணியின் வீட்டு விற்பனை மேஜையில் இருந்ததைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. அதன் உச்சியில் பதினொரு துளைகள் இருந்தன.

"குண்டு பட்டதா?" என்று கேட்டேன்.

"குண்டு இப்படி வரிசையிலயா வரும்? எங்கம்மா போட்ட ஓட்டைங்க" என்றார் லெனோரா. "கொரியாச் சண்டைக்கு அப்பாவை மறுபடி கூப்பிட்டுக் கடுதாசி வந்துச்சு. அன்னிக்கே ஓட்டை போடுற டிரில்லை எடுத்துட்டு உக்காந்துட்டாங்க."

"அப்பா தடுக்கலையா?"

"அவர்தான் நழுவாம பிடிச்சுக்கிட்டார். 'பட்டாளத்துல வேற குடுப்பாங்க, ஹேசல்'னார். 'குடுக்கட்டும், இதைப் போட்டுட்டுப் போக விடமாட்டேன்'னாங்க."

நான் விரலால் தடவிப் பார்த்தேன். எட்டுத் துளைகளின் விளிம்பு பிசிறாக இருந்தது. மூன்று மட்டும் வழவழப்பாக இருந்தன.

"இந்த மூணு வேற கை மாதிரி இருக்கே?"

லெனோரா சிரித்தார். "நல்ல கண்ணுங்க உங்களுக்கு. அம்மாவுக்குக் கை வலிச்சுப்போச்சு. மிச்சத்தை அப்பா போட்டார்."

"அப்புறம் போனாரா?"

"போனார். ரெண்டு வருஷத்துல திரும்பி வந்து, இதுலதான் ஸ்ட்ராபெரி கழுவுவார்."

அதை வாங்கி வந்தேன். என் சேகரிப்பைப் பார்க்க வரும் நண்பர்கள் அதைப் பாழாய்ப்போன பொருள் என்கிறார்கள். நான் அவர்கள் விரலைப் பிடித்து அந்த மூன்று துளைகளின் மேல் வைக்கிறேன்.