டூபிங்கன் வண்டியில் விழுந்த துண்டு

வண்டி முழுதாக நிற்கக்கூட இல்லை. கருத்தப்பாண்டி தோளில் கிடந்த துண்டை உருவி, திறந்திருந்த சன்னலுக்குள் குறிபார்த்து வீசிவிட்டார். பச்சை மெத்தை மேல் அது அழகாகப் போய் விழுந்தது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ்ஸுக்கு வீசி வீசிப் பழகிய கை. ஜெர்மனி என்றால் மட்டும் குறி தப்புமா?

"அய்யா! என்ன செய்றீக?" மகள் நாகஜோதி பதறினாள்.

"எடம் போட்டாச்சுத்தா. இனி ஆற அமர ஏறலாம். ஒரு பய உக்கார மாட்டான்."

சனி, ஞாயிறு மட்டும் ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் போகலாம் என்று அந்த வருஷம்தான் சலுகை விட்டிருந்தார்கள். டூபிங்கன் ஸ்டேஷனில் முகூர்த்த நாள் கூட்டம். அவர் மகளின் ஊரான ஸ்டுட்கார்ட்டுக்கு வந்ததிலிருந்து லீவு நாளென்றால் ரயில்தான். உல்ம் நகரத்துச் சர்ச் கோபுரத்தில் பாதி ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இன்று டூபிங்கனில் கழி ஊன்றித் தள்ளும் படகில் போனபோது, "இம்புட்டுத் தண்ணி சும்மா ஓடுதே, ஒருத்தனும் மறிக்கலையா?" என்று கேட்டார். ஊரில் வறண்ட குண்டாற்று மணலைப் பார்த்தே நரைத்த தலை.

எங்கே போனாலும் ஒரு மஞ்சள் பை அவர் கையை விட்டு இறங்கவில்லை. அதற்குள் அக்கா வெள்ளைத்தாய் கொடுத்துவிட்ட அரக்குப் பட்டு இருந்தது. "தம்பி, இத மருமக கையில குடு. வாங்கிக்கிட்டான்னா தை மாசம் பந்தல். கொமரிப் பிள்ளைய சீமையில விட்டுட்டு இங்க நீ நிம்மதியா கம்பு வெதைப்பியோ?" என்று கேட்டிருந்தாள். அத்தை தரும் சேலையைப் பெண் வாங்கிக்கொண்டால் சம்மதம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மறுத்தால் வாசல் மிதிக்க மாட்டார்கள். அக்கா மகன் சுந்தரபாண்டியும் குறை சொல்ல முடியாத பையன்; திருச்சுழியில் உரக்கடை வைத்திருக்கிறான்.

நாகஜோதிக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அதை அவர் வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டாள். கோயம்புத்தூர்க் கம்பெனி அவளைப் பயிற்சிக்கு அனுப்பிய ஸ்டுட்கார்ட் நூல்மிஷின் தொழிற்சாலை, இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறது, இருக்கவா? "பாப்போம்த்தா" என்று தள்ளிப்போட்டார். பையைத் திறக்கவும் இல்லை.

முண்டியடித்து ஏறிப் பார்த்தால், துண்டு விழுந்த இடத்தில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். துண்டு நாலாக மடிந்து அவர் மடியில் இருந்தது. இவரைக் கண்டதும் சிரித்தபடி இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"என்னத்தா இது? துண்டு கெடக்குறது தெரிஞ்சே உக்காந்துருக்காக? நம்மூருன்னா மண்டை ஒடஞ்சிருக்கும்."

நாகஜோதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இங்க துண்டெல்லாம் செல்லாதுய்யா. யாரு உக்காந்தாகளோ அவுகளுக்குத்தான் எடம்."

கருத்தப்பாண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றார்.

கொஞ்ச தூரம் போனதும் ஒலிபெருக்கி ஏதோ கரகரத்தது. வண்டிக்குள் சலசலப்பு. எதிர் இருக்கையில் பழக்கூடை வைத்திருந்த பெண் எழுந்து நாகஜோதியிடம் என்னவோ கேட்டாள். நாகஜோதி விரலை இப்படியும் அப்படியும் காட்டிக் கடகடவென்று பேசினாள். மீசைக்காரரும் கேட்டார். இரண்டு இருக்கை தள்ளியிருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்.

"என்னவாம்?"

"முன்னால லயன் ரிப்பேராம். ப்ளோகிங்கன்ல எறங்கி வேற வண்டி மாறணும். எந்தப் பிளாட்பாரம்னு கேக்குறாக."

"அவுக ஊரு, அவுக வண்டி. ஒன்கிட்டயா வழி கேக்குறாக?"

"அவுகளுக்கு இந்தப் பக்கம் பழக்கமில்ல. நான் அடிக்கடி போற ஆளாச்சே."

தாலுகா ஆபீசில் எந்தச் சன்னலில் நிற்பது என்று கேட்கக்கூட ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிப் போகிறவர் அவர். இவளோ சீமைக்காரிக்கு வழி சொல்கிறாள். கையைக் கட்டவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. வெள்ளாட்டுக் குட்டியை விலை பேசும்போது அவர் பேசுகிற அதே தோரணை. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்து மீசை துடித்தது.

"ஏத்தா, நான் ஒனக்கு அப்பன்னு அவுககிட்டச் சொல்லு."

"எதுக்கு?"

"சும்மா சொல்லு."

சொன்னாள். மீசைக்காரர் விருட்டென்று எழுந்து கருத்தப்பாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் இடத்தில் உட்காரவைத்தார். துண்டால் கிடைக்காத இடம்! உட்கார்ந்தவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

பிறகு மஞ்சள் பையை மகளிடம் நீட்டினார். "ஒங்கத்தை குடுத்துவிட்டாக."

நாகஜோதி உள்ளே பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு வற்றிப்போனது. சேலையைத் தொடாமலே, "நீங்க என்ன சொல்றீக?" என்றாள்.

"நான் என்னத்தச் சொல்ல? அவுக சன்னல் வழியா துண்டு போட்டுப் பாத்துருக்காக. அந்த எடத்துல உக்காந்துருக்கது நீதான?"

அவள் அவரையே பார்த்தாள். கண் கலங்கிப் பின் மெல்லச் சிரித்தாள். "கலரு நல்லாத்தான் இருக்கு. அத்தை கட்டுனா எடுப்பா இருக்கும்" என்று பையை அவர் மடியிலேயே வைத்தாள்.

அக்கா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். தூற்றட்டும். புரட்டாசி விதைப்புக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ப்ளோகிங்கனில் வண்டி நின்றது. நாகஜோதி இறங்கி முன்னால் நடந்தாள். பழக்கூடைப் பெண், மீசைக்காரர், பெட்டியும் பிள்ளையுமாகப் பாதி வண்டி ஜனம் அவள் பின்னால் போயிற்று. எல்லோருக்கும் கடைசியில் கருத்தப்பாண்டி. கக்கத்தில் மஞ்சள் பை. அத்தனை செம்பட்டைத் தலைகளுக்கு முன்னே, படியேறி மேலே போய்க்கொண்டிருந்தது ஒரு கறுத்த சடை.