வெங்காயத் தோட்டத்தில் குகதாசனின் குரல்

கொக்குவில் குகதாசனின் வாயிலிருந்து சென்னைக்காரர் ஒருவரின் குரல் வரத் தொடங்கியது அவருடைய ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அன்றுதான் அவர் நடித்த படம் வெளியானது. அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் யாழ்ப்பாணத்துப் படங்களில் தபாற்காரர், ஊர்த் தலைவரான விதானை, பெண்ணின் தகப்பன் என்று வந்து போனார். ஒருவரும் பெயர் கேட்டதில்லை. மானிப்பாயில் கூடப் படித்த லெனாட்தான் தன் விண்வெளிப் படத்தில் அவரை வேற்றுக்கிரக மனிதனாக்கினான். பண்டத்தரிப்பில் ஏரம்பு என்ற கமக்காரரின் வெங்காயத் தோட்டத்தில் வெள்ளிநிறச் சட்டையோடு பதினொரு நாள் வெயிலில் நின்று, வசனம் அத்தனையையும் குகதாசன் தன் குரலிலேயே பேசினார். முகத்தைப் பற்றி அவருக்குப் பெரிய எண்ணமில்லை. குரலை நம்பித்தான் நடிகராக இருந்தார்.

லெனாட் அந்தக் குரலை வெட்டி எறிந்துவிட்டு, சென்னையில் ஒருவரைப் பேசவைத்து ஒட்டியிருந்தான். இவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. தியேட்டரில் மனைவி உதயகலாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. கூட இருந்தே குழி பறிப்பது என்றால் இதுதான். சனம் எழுந்து கைதட்டியது. வெளியே வந்து லெனாட்டை ஏச வாயைத் திறந்தார். படத்தில் கேட்ட குரலே வந்தது.

“ஏன்டா இப்படிப் பண்ணினே?”

லெனாட் சிரித்தான். “பாத்தியே, எவ்வளவு வடிவாப் பொருந்துது! எங்கடை பேச்சு சென்னையிலை ஆருக்கு மச்சான் விளங்கும்? சனத்துக்குப் பிடிச்சிருக்கெல்லே, விடன்.”

பிடித்துத்தான் இருந்தது. பஸ்ஸிலும் சந்தையிலும் மறித்து வசனம் பேசச் சொன்னார்கள். “ஓம்” என்று சொல்ல வாயெடுத்தால் “ஆமாங்க” என்று வந்தது. மூன்று வைத்தியர்கள் பார்த்து, நல்ல தொண்டை என்றார்கள். இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். கனடாவில் இருக்கும் மகள் வினோஜாதான் பொறுக்கவில்லை. வீடியோவில் முகத்தைக் கண்டும், “நடிக்காதேங்கோ அப்பா, உங்கடை குரலிலை கதையுங்கோ” என்று அழுதாள். பிறகு போன் எடுப்பதையே குறைத்துவிட்டாள்.

இரண்டாம் ஆண்டு ஏரம்பு ஆள் அனுப்பினார். வெட்டி எறிந்த குரல் தோட்டத்தில்தான் கிடக்கிறதாம். வெங்காயத்துக்கு ஒரு குறையுமில்லை, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறும்போது பேச்சுத் துணையாகவும் இருக்கிறது, பெயர் கேட்டால் குகதாசன் என்கிறதாம். கணவனும் மனைவியும் பஸ் ஏறிப் போனார்கள். குகதாசன் வரம்பில் குந்தியிருந்து, தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சினார்.

“நீங்கள் ஆர் ஐயா? உங்களை எனக்குத் தெரியேல்லையே” என்றது குரல், நல்ல மரியாதையோடு. லெனாட் செய்தது கூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை.

உதயகலா கொஞ்ச நேரம் கணவனைப் பார்த்தாள். பிறகு மகளுக்குப் போன் எடுத்து, அதைப் பாத்திக்கு நேரே நீட்டினாள்.

“ஓம் பிள்ளை, சொல்லு. சாப்பிட்டியே?” என்றது குரல்.

“அப்பா!” என்று வினோஜா கத்தினாள். அரை மணித்தியாலம் சிரிப்பும் அழுகையுமாகக் கதைத்தாள்.

இப்போது ஞாயிறு தவறாமல் இருவரும் பண்டத்தரிப்புக்குப் போகிறார்கள். உதயகலா பாத்தியோரம் இருந்து மகளோடும் குரலோடும் வீட்டுக் கதையெல்லாம் கதைக்கிறாள். குகதாசன் வாய் திறப்பதில்லை. போனில் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.