வெந்நீரில் போட்ட தொப்பி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியமான உண்மை. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. பொய்யென்றால் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். சந்தேகப்படுகிறவர்கள் அந்த ஓட்டலுக்கே போய், லிப்டில் ஏறி, ஏழாம் மாடியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அங்கே லிப்ட் ஓட்டியவருக்குச் சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அவர் மனைவி அதை ஒரே ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டாள். தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷம் கழித்துத்தான் தொப்பி இறுக ஆரம்பித்தது. கம்பளிக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

"வெந்நீர்ல போட்டியா?"

"ஐயோ, போடலைங்க."

"பின்ன தானாவா சுருங்கும்?"

"உங்களுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு, அதான்."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. அதோட விட்டுடறேன்."

அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

முதல் வருஷம் நெற்றியில் தொப்பியின் தடம் விழுந்தது. இரண்டாம் வருஷம் அதை உச்சியில் வைத்து, தாடைக்குக் கீழே எலாஸ்டிக் கட்டிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியின் காம்பு காதுவரை எட்டவில்லை. மூன்றாம் வருஷம் எலாஸ்டிக்கும் எட்டவில்லை; லிப்ட் கொஞ்சம் வேகமாக இறங்கினால் தொப்பி ஆறாம் மாடியிலேயே அந்தரத்தில் நின்றுவிடும். திரும்பிப் போய்த் தலையை அதன் அடியில் கொடுத்து எடுத்து வருவார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வில்லாக வளைந்தது. அந்த இடத்தில் ஈரத் துண்டைச் சுற்றினால் அங்கிருந்த சூட்டில் கால்மணி நேரத்தில் உலர்ந்துவிடும்.

மாடி வந்துவிட்டதைக் கப்பியின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து லிப்டை நிறுத்துகிற மனிதர் அவர். நாலாம் வருஷம் லிப்ட் முழங்கால் உயரம் தள்ளித் தள்ளி நின்றது. விருந்தாளிகள் பெட்டியை முதலில் வீசிவிட்டுப் பின்னால் தாங்கள் குதித்தார்கள். வீட்டில் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்ததால், காது போனது அங்கே யாருக்கும் தெரியவில்லை. கோபத்தில்தான் பதில் பேசவில்லை என்று அவள் இருந்துவிட்டாள்.

மேனேஜர் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தத்தைச் சோதித்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார்.

"தொப்பி சுருங்கலைம்மா. தலை வளர்ந்திருக்கு. பேஜெட் நோய்னு பேரு. எலும்பை உடம்பு தினமும் கொஞ்சம் இடிச்சு, கொஞ்சம் கட்டும். இவருக்கு இடிக்கிறவனும் வெறி பிடிச்சு இடிக்கிறான், கட்டுறவனும் வெறி பிடிச்சுக் கட்டுறான். சுவர் தடிமனா இருக்கு, பலம் இல்லை."

"எதனால டாக்டர்?"

"சரியாத் தெரியாது. சில குடும்பத்துல பரம்பரையா வரும். இவங்க அப்பாவுக்கு எப்படி?"

"மாமனாருக்கும் தலை அண்டா மாதிரி இருக்கும். நாங்க அறிவுன்னு நினைச்சு மரியாதை கொடுத்துட்டோம்."

"நரம்புல ஒரு மருந்து ஏத்துவோம். வலி குறையும், இந்த ஆட்டமும் அடங்கும்."

"காது?"

"போனது வராதும்மா. வளைஞ்ச காலும் நிமிராது. தொப்பி இறுகினப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஒருவேளை காதைக் காப்பாத்தியிருக்கலாம்."

அவள் எக்ஸ்ரேவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டையோட்டுக்குள் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி இருந்தது.

டாக்டரம்மா தொப்பியைக் காட்டி, 'இல்லை' என்று கையை ஆட்டி, தலையைத் தொட்டு, கைகளை அகல விரித்துக் காட்டியதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்த கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வருஷமா உன்னைச் சந்தேகப்பட்டேனே! நீ வெந்நீர்ல போடவே இல்லை. என்னை மன்னிச்சிடு தாயி."

அவள் குனிந்து காதில் சொன்னாள்: "போட்டேங்க."

"அழாதே. வீட்டுக்குப் போயிடலாம்."

"ஆமாங்க, போட்டேன்! வெந்நீர்ல போட்டேன்!"

பதினெட்டுக் கட்டில்களிலும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் மட்டும் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் வீட்டில் அதையே ஒரு தாளில் எழுதி நீட்டினாள். கண்ணாடிதான் எட்டாதே! மளிகைச் சீட்டாக்கும் என்று பையை எடுத்துக்கொண்டு காலைச் சாய்த்துச் சாய்த்துக் கடைக்கு நடந்தார். அவள் வாசல்வரை ஓடிவந்து கூப்பிட்டாள். யாரைக் கூப்பிட்டு என்ன! கடைக்காரர் சீட்டை இரண்டு தடவை படித்தார், அவர் தலையை ஒருதடவை பார்த்தார், துணி சோப்பு ஒரு கட்டியைப் பையில் போட்டு அனுப்பினார்.

அவர் அதை அவள் கையில் வைத்துச் சிரித்தார்.

"இந்த ஒரு சோப்புக்கா ஆஸ்பத்திரியில அந்த அழுகை அழுதே?"

அவள் சோப்பை வாங்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்த ஓட்டலுக்கு மாடி கிடையாது.